தளர்நடையும் வீட்டு வழக்கமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. நடைபழகும் வயதுக் குழந்தைகள் எவ்வளவு ஓடியாட வேண்டும், அதில் சமூகத்துக்குச் சமூகம் ஏன் இத்தனை வேறுபாடு, பெற்றோரின் பங்கு என்ன என்பவைதாம் அந்தக் கேள்விகள். குழந்தைகளின் உடலியக்கத்தைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று மாதம். பிடிமானம் இல்லாமல் நிற்கிறான்; ஆனால் இன்னும் நடக்கவில்லை. கென்யாவிலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறிய குடும்பத்தின் குழந்தை பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டது. "அவர்களுடைய உடல்வாகு அப்படி" என்கிறார்கள். இது உண்மையா? என் மகனுக்கு ஏதேனும் குறை இருக்குமோ?

முதலில் உங்கள் கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006ஆம் ஆண்டு அதன் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி, துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. முதலில் நடந்த குழந்தைக்கும் கடைசியில் நடந்த குழந்தைக்கும் இடையே ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தும், இரண்டுமே நலமான குழந்தைகள். உங்கள் மகன் ஏறக்குறைய அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறான். அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்; தவழாமல் எழுந்து நடந்த பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன.

இனி உடல்வாகு பற்றி. மார்செல் கெபர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், உகாண்டாவில் தாம் பார்த்த குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட முன்னதாகவே தலை நிமிர்வதையும் உட்காருவதையும் 1957ஆம் ஆண்டில் எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், இது பிறவியிலேயே வரும் வேகமா, வளர்ப்பினால் வருவதா என்று வாதம் நடந்தது. அந்த வாதத்தைத் தெளிவாக்கியவர் சார்லஸ் சூப்பர். கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே தங்கிக் கவனித்த அவர், 1976ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். அங்கே உட்காருவதும் நடப்பதும் தாமாக வரும் என்று தாய்மார்கள் காத்திருப்பதில்லை. அவற்றைக் கற்பிக்க வேண்டியவை என்று கருதுகிறார்கள். தரையில் சிறு பள்ளம் ஒன்றைத் தோண்டி, குழந்தையை அதில் அமர்த்தி, முதுகு சரியாமல் துணியைச் சுற்றி முட்டுக் கொடுப்பார்கள். அக்குளில் கைகொடுத்து நிறுத்தி, பாதம் தரையில் படும்படி அடியெடுத்து வைக்கப் பழக்குவார்கள். இது நாள்தோறும் நடக்கும். அந்தக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிடச் சுமார் ஒரு மாதம் முந்தி உட்கார்ந்தார்கள், முந்தி நடந்தார்கள். ஆனால் யாரும் கற்பிக்காத தவழ்தலில் அவர்கள் முந்தவில்லை. பிறவி வேகம்தான் காரணம் என்றால் அதிலும் முந்தியிருக்க வேண்டும் அல்லவா? பயிற்சி கொடுத்த இடத்தில் மட்டும் பலன் தெரிந்திருக்கிறது என்பதே இந்த ஆய்வின் அருமை.

ஆகவே உங்கள் அயலார் வீட்டுக் குழந்தையின் முந்திய நடைக்கு, அது பிறந்த இனத்தைவிட, அந்தத் தாயின் கைகள் நாள்தோறும் செய்த வேலை காரணமாக இருக்கலாம். அல்லது எந்தச் சமூகத்திலும் ஒரு சில குழந்தைகள் பத்து மாதத்தில் நடப்பது போல அதுவும் நடந்திருக்கலாம். சுவிட்சர்லாந்தில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பதினெட்டு வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றில், உட்கார்ந்த வயதும் நடந்த வயதும் பிற்கால அறிவுத்திறனையோ உடல் இயக்கத் திறனையோ சொல்லும் அடையாளங்களாக அமையவில்லை.

பதினெட்டு மாதம் நிறைந்தும் நடக்காவிட்டாலும், கற்ற ஒன்றைக் குழந்தை இழந்துவிட்டாலும், உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தினாலும், கைகால் மிக விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். எந்த நாட்டு வழக்கத்தைச் சொல்லியும் இந்த நான்கைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: என் ஐந்து பிள்ளைகளையும் தூக்கிச் சுமந்தே வளர்த்தேன். இப்போது பேரனைத் தூக்கினால், "கைப்பழக்கம் ஆகிவிடும், சோம்பேறியாகிவிடுவான், தரையில் விடுங்கள்" என்று மருமகள் கடிந்துகொள்கிறாள். தூக்கி வளர்த்தால் குழந்தையின் ஓட்டம் குறையுமா?

உங்கள் இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அம்மா. உலகின் வெவ்வேறு மூலைகளில் இந்தக் கேள்விக்கு இயல்பாகவே சோதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன.

பராகுவே நாட்டுக் காடுகளில் வாழ்ந்த ஆச்சே மக்கள், குழந்தைகளைத் தரையில் விடவே அஞ்சினார்கள். காட்டின் தரையில் பாம்பும் பூச்சியும் முள்ளும் உண்டு என்பதால், அவர்களுடைய குழந்தைகள் முதல் ஓரிரு ஆண்டுகளைத் தாயின் உடம்பிலேயே கழித்தார்கள். அவர்கள் நடக்கத் தொடங்கியது ஏறக்குறைய இரண்டு வயதில்தான் என்று 1987ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் உயர்ந்த மரங்களில் தயக்கமின்றி ஏறினார்கள். வட அமெரிக்காவின் ஹோப்பி மக்களிடையே, குழந்தையைப் பலகையில் கட்டி வைத்து வளர்த்த குடும்பங்களையும் அந்த வழக்கத்தைக் கைவிட்ட குடும்பங்களையும் டென்னிஸ் என்ற பெயருடைய ஆய்வாளர் தம்பதியர் ஒப்பிட்டார்கள். 1940ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், இரு தரப்புக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே வயதில்தான் நடந்திருந்தார்கள். தஜிகிஸ்தானில் 'கஹ்வோரா' என்ற தொட்டிலில் கைகால்களைக் கட்டி நாளின் பல மணி நேரம் படுக்க வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. லானா கராசிக்கும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகளில், அங்குள்ள குழந்தைகள் உட்காருவதும் நடப்பதும் தாமதமானாலும், நான்கு ஐந்து வயதுக்குள் ஓட்டத்திலும் குதித்தலிலும் மற்ற நாட்டுக் குழந்தைகளை எட்டிவிட்டது தெரியவந்தது.

எனவே தூக்கி வளர்த்ததால் உங்கள் பேரன் சோம்பேறி ஆகமாட்டான். இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை சும்மா இருப்பதில்லை என்பதும் என் அனுபவம். நீங்கள் குனியும்போதும் திரும்பும்போதும் அது தன் உடலைத் தானே சமன்படுத்துகிறது. தொடைகளால் உங்களை இறுக்கிப் பிடிக்கிறது. தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கிறது. வாரினால் கட்டிய தள்ளுவண்டியில் சாய்ந்து கிடக்கும் குழந்தைக்கு இவற்றில் பாதிகூட இல்லை.

மருமகள் பக்கத்து நியாயம் இது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டோருக்காக 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், தள்ளுவண்டி, உயர நாற்காலி, முதுகில் கட்டிச் சுமத்தல் ஆகிய எதிலும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை அசையவிடாமல் வைக்க வேண்டாம் என்கிறது. முதுகில் கட்டுவதையும் தள்ளுவண்டியையும் ஒரே வரியில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். பழைய வழக்கம், புதிய சாதனம் என்ற பேதம் அதில் இல்லை. பேரனைத் தாராளமாகத் தூக்குங்கள். அவன் இறங்கத் துடிக்கும்போது இறக்கிவிடுங்கள். உங்கள் மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டும்போது, கடைசி இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கேள்வி: நடைபழக வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். அதனால் நடை விரைவில் வருவதில்லை. படிகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபடுவதுதான் மிகுதி. கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்று படித்தேன். வேலை முடிந்து வீடு திரும்பும் எங்களால் மூன்று மணி நேரம் உடற்பயிற்சி செய்விக்க எப்படி முடியும்?

அந்த எண் உங்களை மிரட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. நான் மேலே சொன்ன 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில்தான் அது இருக்கிறது: ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதும் பரவலாகக் குறைந்தது 180 நிமிடம் பலவகையாக அசைய வேண்டும், எந்த வேகத்தில் அசைந்தாலும் கணக்கில் சேரும். மூன்று, நான்கு வயதில்தான் அந்த 180இல் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு ஓட்டமாக இருக்க வேண்டும் என்ற கூடுதல் வரி வருகிறது. திரையைப் பார்த்து உட்காரும் நேரம் ஒரு வயதில் அறவே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரம்.

போன மாதம் என் அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு குழந்தையைக் கதவிடுக்கு வழியே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதினான்கு மாதம். அப்பாவின் முழங்காலைப் பிடித்து நின்றது, கையை விட்டது, நாலடி நடந்து, நாற்காலியின் காலைப் பிடித்து, எதையோ மறந்தாற்போலத் திரும்பி வந்தது. அப்பாவின் செருப்பில் ஒன்றை எடுத்து அறையின் மறுகோடியில் இருந்த பெண்மணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது, திரும்ப வாங்கியது, வரும் வழியில் பொத்தென்று உட்கார்ந்தது, இரு கைகளையும் ஊன்றி, பின்பக்கத்தை முதலில் உயர்த்தி, எழுந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று முறை விழுந்தது, ஒரு முறைகூட அழவில்லை. யாரும் அதற்கு உடற்பயிற்சி செய்விக்கவில்லை. அந்த அப்பா செய்த ஒரே வேலை, அதைப் பிடித்து மடியில் உட்கார வைக்காமல் இருந்ததுதான். தளர்நடை என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் இப்படி ஒரு குழந்தையை நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும்.

நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளரின் குழுவினர், நடைபழகும் குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும்போது எண்ணிப் பார்த்து 2012ஆம் ஆண்டில் எழுதினார்கள்: சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள், 17 விழுகைகள். தடுக்காமல் விட்டால் உங்கள் குழந்தையும் 180 நிமிடத்தைத் தானே நிறைவு செய்துகொள்ளும். மாலையில் வீடு திரும்பியதும் துணி மடிக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாடிப்படியில் தூக்கிச் செல்லாமல் கைபிடித்து ஏற விடுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் தர வேண்டியிருக்கிறது.

கேள்வி: நாங்கள் வேறு நாட்டில் குடியேறியவர்கள். இங்கே பூங்காவில் மற்றப் பெற்றோர் குழந்தைகளோடு சேர்ந்து ஓடுகிறார்கள், சறுக்குகிறார்கள், தரையில் புரள்கிறார்கள். எனக்கு அது கூச்சமாக இருக்கிறது. என் பெற்றோர் என்னோடு அப்படி விளையாடியதே இல்லை. நான் நல்ல தாய் இல்லையோ என்று உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த உறுத்தல் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது தெரிந்தால் உங்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

பெரியவர்கள் குழந்தையோடு குழந்தையாக விளையாடுவது உலகம் முழுதும் உள்ள வழக்கமன்று. மானிடவியலாளர் டேவிட் லான்சி, பல சமூகங்களைப் பற்றிய பதிவுகளைத் திரட்டி, தாய் குழந்தையோடு விளையாடுவது பெரும்பாலும் வசதியுள்ள, பள்ளிப்படிப்பை மையமாகக் கொண்ட சமூகங்களின் வழக்கம் என்று 2007ஆம் ஆண்டில் வாதிட்டார். மற்ற இடங்களில் விளையாட்டு என்பது பிள்ளைகளின் உலகம்; நடைபழகும் குழந்தையை அண்ணன்மாரும் அக்காமாரும் அண்டைவீட்டுப் பிள்ளைகளும் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்; அம்மா தன் வேலையைப் பார்ப்பார். அங்கெல்லாம் குழந்தைகள் ஓடாமல் இல்லை, நிறையவே ஓடினார்கள்.

ஆனால் உங்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் பெற்றோர் உங்களோடு விளையாடாமல் இருக்க முடிந்தது, உங்களைச் சுற்றி ஒரு பிள்ளைக்கூட்டம் இருந்ததால்தான். புதிய நாட்டில், மூடிய கதவுக்குள் வளரும் உங்கள் குழந்தைக்கு அந்தக் கூட்டம் இல்லை. குடியேறிய குடும்பங்களில் நான் அடிக்கடி காணும் சிக்கலே இதுதான்: ஊர் வழக்கத்தில் பாதி கூடவே வந்துவிடுகிறது, அதைத் தாங்கிய மறுபாதி வருவதில்லை. எனவே நீங்கள் சறுக்குமரத்தில் ஏற வேண்டாம். ஆனால் அந்தக் கூட்டத்தை எப்படியாவது ஏற்படுத்திக் கொடுங்கள். அதே வயதுப் பிள்ளைகள் உள்ள இரண்டு குடும்பங்களைப் பழக்கப்படுத்திக்கொண்டாலே போதும்.

உங்கள் சொந்த உடலையும் மறக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில், நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கருவி கட்டி அளந்தபோது, தாய் சுறுசுறுப்பானவராக இருந்தால் பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு இரு மடங்காகவும், தாய் தந்தை இருவருமே சுறுசுறுப்பானவர்களாக இருந்தால் 5.8 மடங்காகவும் இருந்தது. 1991ஆம் ஆண்டில் வெளியான முடிவு அது. நடைபழகும் வயதைவிட அவர்கள் சற்று மூத்தவர்கள். ஆனாலும் திசை அதுதான். விளையாடக் கூச்சமென்றால் நடங்கள். நீங்கள் நடக்கும் இடமெல்லாம் குழந்தையும் பின்னால் வரும்.

கேள்வி: எங்கள் இரட்டைக் குழந்தைகளில் மகன் எதன்மேல் ஏறினாலும் வீட்டில் சிரிக்கிறார்கள், மகள் ஏறினால் "விழுந்துவிடுவாய், இறங்கு" என்கிறார்கள். இந்த வயதில் இது பொருட்டா?

மிகவும் பொருட்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பதினொரு மாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம், சரிவான பலகை ஒன்றில் உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவு வரை தவழ்ந்து இறங்கும் என்று கேட்டார்கள். மகன்களின் தாய்மார்கள் உள்ளதைவிட அதிகமாகவும், மகள்களின் தாய்மார்கள் உள்ளதைவிடக் குறைவாகவும் கணித்தார்கள். பிறகு குழந்தைகளையே இறங்க விட்டுப் பார்த்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் திறமையில் வேறுபாடு தென்படவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கும் முன்பே நம் கண் அதைப் பிரித்து எடைபோடத் தொடங்கிவிடுகிறது. பல சமூகங்களில் பிற்காலத்தில் பெண் பிள்ளைகள் குறைவாக ஓடுவதற்கான விதை இங்கே இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். மகளுக்குச் சொல்லும் "இறங்கு" என்ற சொல்லை மகனுக்கும் சொல்வீர்களா என்று வீட்டிலுள்ளோரிடம் கேளுங்கள். சொல்லமாட்டோம் என்றால் அவளுக்கும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: பகல்நேரக் காப்பகத்தில் மழையிலும் குளிரிலும் குழந்தையை வெளியே விளையாட விடுகிறார்கள். சளி பிடிக்காதா? கட்டையில் ஏறுகிறார்கள், சகதியில் விழுகிறார்கள். புகார் செய்யலாமா?

நார்வே போன்ற நாடுகளில் இது ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்யப்படுவது. கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடைதான் உண்டு என்பது அங்கே வழங்கும் பழமொழி. சளி, கிருமியால் வருகிறது, மழைத்துளியால் வருவதில்லை. நனையாத உடையும் மாற்று உடையும் கொடுத்தனுப்புங்கள். உயரம் ஏறுதல், வேகம் போன்றவற்றைக் குழந்தைகள் தாமே நாடுவதை நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் விரிவாக எழுதியிருக்கிறார். தன் எல்லையைத் தானே அளந்து பார்க்கும் முயற்சி அது. புகார் செய்வதற்கு முன் ஒரு நாள் அங்கே போய் நின்று பாருங்கள். கண்காணிக்கப் பெரியவர்கள் போதுமா, விழுந்தால் கீழே மணலா கல்லா என்பவற்றைப் பாருங்கள். அவை சரியில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நான் முதுநிலை மாணவி. இரு வேறு சமூகங்களைச் சேர்ந்த நடைபழகும் குழந்தைகளின் உடலியக்கத்தை ஒப்பிட விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இடுப்பில் கட்டும் அசைவு அளக்கும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். தாயின் முதுகில் போகும் குழந்தையின் கருவியில் தாயின் நடை பதிவாகிவிடும். எத்தனை அசைவுக்கு மேல் 'மிதமான வேகம்' என்ற வரம்பும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. வரம்பை மாற்றினால் ஒரு சமூகமே சுறுசுறுப்பானதாகவோ மந்தமானதாகவோ தெரியும்.

வினாத்தாளில் அதைவிடப் பெரிய கண்ணி இருக்கிறது. "குழந்தையை உடற்பயிற்சியில் ஈடுபடுத்துகிறீர்களா?" என்று கேட்டால், அதைத் தனி வேலையாகக் கருதாத தாய் "இல்லை" என்றே சொல்வார், அவர் குழந்தை அன்று காலை முழுதும் கோழியைத் துரத்தியிருக்கும். அதேபோல், இடநெருக்கடியாலும் பெற்றோரின் நீண்ட வேலை நேரத்தாலும் வருவதைப் பண்பாடு என்று பெயரிட்டுவிடாதீர்கள். ஒரே சமூகத்தில் முற்றம் உள்ள வீட்டையும் ஓர் அறை வீட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது வழக்கம், எது வறுமை என்று பிரித்தறிய முடியும்.

கருவியோடு ஒரு நாட்குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விழித்த நேரம் முதல் உறங்கும் நேரம் வரை, கால் மணிக்கு ஒரு முறை மூன்று விவரங்களை எழுதுங்கள்: அது தரையில் இருந்ததா, கையில் இருந்ததா, கட்டுக்குள் இருந்ததா, யார் அருகில் இருந்தார்கள், அந்த ஆள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். குடும்பத்துக்கு இரண்டு நாளாவது, ஒன்று வேலைநாள், ஒன்று விடுமுறை நாள், இப்படி எழுதிய பிறகு கருவியின் எண்களைப் பிரித்துப் படிக்கத் தொடங்குங்கள்.